பதிவேட்டில் இல்லை

ரோசோ கண்காட்சித் திடலில், ஆட்டுக் கொட்டகைக்குள்
வானொலிக்காரர்கள் சந்தை போட்டிருந்தார்கள்.
நான் வானொலிக்காரி இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
மோர்ஸ் எனக்குத் தகரக் கூரையில் விழும் ஆலங்கட்டி,
ஏதோ சொல்கிறது,
என்னிடம் இல்லை.

டுவைட் பெல்கி ஷூ பெட்டிகளைத் திறந்து வைத்திருந்தார்.
இறந்துபோன ஹாம்களின் அட்டைகள்.
இன்னாரோடு இன்ன நேரம் பேசினேன் என்பதற்கு
தபாலில் வந்த சாட்சி.
அவர் தேடுவது தூரம்:
வரைபடத்தில் இப்போது இல்லாத நாடு,
பறவை மட்டும் வாழும் தீவு,
மூன்று வண்ணத்தில் அச்சகம் அடித்த வழவழப்பு.
நான் தேடுவது
அவர் மேசைக்கடியில் காலால் தள்ளியதை.
உருளைக்கிழங்கை வெட்டிக் குத்திய முத்திரை.
ஓட்ஸ் பெட்டியின் முதுகில் கிரேயான் மின்னல்.
ஒருவர் தன் ஆண்டெனாவை நூலால் தைத்தே அனுப்பியிருந்தார்.

"அது அயோவாங்க. அயோவா யாருக்கு வேணும்?"
"எனக்கு."
ஒன்று கால் டாலர். பெட்டியோடு எடுத்தால் எட்டு.

பெட்டி எல்ராய் ஸ்டென்ஸ்ருடுடையது.
பால் கறந்து பிழைத்தவர்; இரவில் நாற்பது மீட்டரில் இருப்பவர்.
அனுப்பாமல் மீந்த அட்டைகள், எல்லாவற்றிலும் ஒரே மாடு.
சமையலறைத் தரைக்குப் போட்டு மிஞ்சிய லினோலியத்தில் செதுக்கி
கொட்டகைக்கு அடித்த சிவப்பிலேயே ஒற்றி எடுத்தது.
கொம்புக்குக் கொம்பு கம்பி.
கம்பியிலிருந்து வட்டம், வட்டத்துக்கு வெளியே வட்டம்.
மை தடித்த இடத்தில் ஒரு கட்டைவிரல்,
மாட்டின் மடியாகவே ஆகிவிட்டது.

முதல் கட்டில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க மறந்திருக்கிறார்.
எறிய மனசில்லை.
'கண்ணாடியில் காட்டிப் படிக்கவும்' என்று
ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.
நான் காட்டினேன்.
எழுத்து நேரானது. மாடு மட்டும் பக்கம் மாறி நின்றது.

அடியில் ஒன்று, போய்த் திரும்பியது.
பிப்ரவரி 1958. ஃபின்லாந்து, ஓலு.
பின்பக்கம் எல்ராயின் கை:
'உங்கள் ஒலி ஐந்து, ஐந்து, ஒன்பது.
வானிலை: பனி.
கன்று: ஒன்று, நேற்றிரவு.'
அதன்மேல் ஊதா முத்திரை:
பதிவேட்டில் இல்லை.

டுவைட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.
"ஹெச்சுக்கு நாலு புள்ளி, எஸ்ஸுக்கு மூணு.
ஒரு புள்ளிய இரைச்சல் தின்னிருக்கும்.
பேசினது ஒருத்தன், அட்டை போனது இன்னொருத்தனுக்கு.
நடக்காத பேச்சுக்கு ரசீதுங்க அது.
நீங்க கொடுத்த கால் டாலர்கூடப் பெறாது."
அப்படியானால் எங்கோ ஒருவருக்கு
எல்ராய் இன்னும் ஒரு மாடு பாக்கி.

முத்திரைக்குக் கீழே நீல மையில்
பொடிப் பொடியாக வேறொரு கை.
இங்கிலீஷை அகராதி பார்த்துக் கோத்திருக்க வேண்டும்:
'மன்னிக்கவும். அந்த இரவு நான் தூங்கினேன்.
மாடு நல்ல மாடு. கன்று நலமா?
டௌனோ கெம்ப்பி.'
தேதி, நவம்பர் 1961.

அவர் எழுத்தை மறுபடி படித்தேன். தேதியையும்.
இல்லை என்று சொல்ல ஒரு வாரம் போதும்.
மூன்று வருஷம் ஒன்பது மாதம் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

திங்கட்கிழமை, கடைசிப் பையன் இறங்கிய பிறகு
பேருந்தை ஓரங்கட்டி
அட்டையை முன்கண்ணாடிக்கு நேரே பிடித்தேன்.
வெயில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது.
ஊசி குத்திச் சுவரில் மாட்டிய துளைகள்,
ஓரம் துருவேறி,
மூலைக்கு ஒன்றாய்
நாலு புள்ளி வெளிச்சம்.